சூமியிலிருந்து பொல்தாவா வரை

2022 பிப்ரவரியில் நான் உக்ரைனின் சூமி நகரத்தில் மருத்துவம் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ரஷ்ய எல்லை ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். அவசியம் இல்லாதவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுங்கள் என்று 15ஆம் தேதியே இந்தியத் தூதரகம் சொல்லிவிட்டது. டிக்கெட் விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, அப்பா ஏற்கெனவே வட்டிக்கு வாங்கித்தான் அந்த வருடக் கட்டணத்தைக் கட்டியிருந்தார், அதனால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். 24ஆம் தேதி விடியற்காலை போர் தொடங்கியது.

கீவ், கார்கிவ் மாணவர்கள் எப்படியோ ரயிலேறி மேற்கு எல்லைக்குப் போய், ருமேனியா, ஹங்கேரி, போலந்து வழியாக, இந்திய அரசின் மீட்புத் திட்டமான ஆபரேஷன் கங்கா விமானங்களில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சூமியிலிருந்து ரயில் இல்லை, சாலையெங்கும் சண்டை. மார்ச் 3 இரவு மின்சாரம் போனது, கூடவே தண்ணீரும் போனது. பனியை வாளியில் அள்ளி வந்து உருக்கிப் பயன்படுத்தினோம்.

எங்கள் விடுதிக் காப்பாளர் ஓர் உக்ரைனிய அம்மா. கமெண்டான்ட் என்றுதான் கூப்பிடுவோம். சைரன் ஒலிக்கும்போதெல்லாம் எங்களை நிலவறைக்குள் இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் அவர் இறங்குவார். பிப்ரவரி 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. மார்ச் 2 அன்று பொதுச்சபையில் 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, ஒதுங்கிய 35 நாடுகளில் நாங்களும் இருந்தோம். கமெண்டான்டுக்கும் செய்தி வந்திருந்தது. "உங்கள் நாடு ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்று கேட்டார். கோபமாகக்கூட கேட்கவில்லை. எங்களில் யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த நாட்களில் எனக்கும் டெல்லி மேல் ஆத்திரம்தான். கண்ணெதிரே குண்டு விழுகிறது, அதைத் தவறு என்று சொல்ல என்ன தயக்கம் என்று நண்பர்களோடு சண்டையே போட்டேன். அப்புறம்தான் நாங்கள் வெளியேற என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்பது புரிந்தது. பேருந்து வந்தால் மட்டும் போதாது. ரஷ்யப் படை சில மணி நேரமாவது சுடாமல் இருக்க வேண்டும், உக்ரைன் படை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் வழிவிட வேண்டும், இரண்டும் ஒரே நாளில், ஒரே பாதையில் நடக்க வேண்டும். அதற்கு இரண்டு தலைநகரங்களிலும் நம் தொலைபேசியை எடுக்க ஆள் வேண்டும். மார்ச் 7 அன்று பிரதமர் மோடி உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியோடும் ரஷ்ய அதிபர் புதினோடும் தனித்தனியாகப் பேசினார். பாதுகாப்பு அவையில் ஐ.நா.வுக்கான இந்தியத் தூதர் திருமூர்த்தி, இரு தரப்பையும் திரும்பத் திரும்பக் கேட்டும் சூமி மாணவர்களுக்குப் பாதுகாப்பான வழி கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அதே 7ஆம் தேதி காலையில் பேருந்துகள் வந்திருந்தன. பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சண்டை நிற்கவில்லை, இறங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப விடுதிக்கு நடந்த அந்த நூறு அடி தூரத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அன்று இரவு நகரத்தின் குடியிருப்புப் பகுதியில் குண்டு விழுந்து குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

8ஆம் தேதி மறுபடி கூப்பிட்டார்கள். இந்திய மாணவர்கள் மட்டுமே 694 பேர், கூடவே நேபாளம், வங்கதேச மாணவர்களும் ஏறினார்கள். கமெண்டான்ட் வாசலில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் சரிபார்த்து ஏற்றினார். வண்டி நிற்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து இருட்டில் பொல்தாவா என்ற உக்ரைன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பிறகு மேற்கு உக்ரைனில் உள்ள லிவிவுக்கு ரயில், போலந்து, டெல்லி, சென்னை. சென்னை விமான நிலையத்தில் அம்மா என் கையை விடவே இல்லை.

இந்தியா ஒதுங்கியது எங்களுக்காக என்று நான் சொல்ல மாட்டேன். ராணுவத் தளவாடங்களில் பெரும்பகுதி ரஷ்யாவுடையது, காஷ்மீர் விஷயத்தில் சோவியத் காலத்தில் வீட்டோ போட்டுக் கைகொடுத்தது அவர்கள், சீன எல்லையில் 2020 முதல் பதற்றம் வேறு, இந்த நேரத்தில் மாஸ்கோவைப் பகைத்துக்கொள்ள முடியாது என்ற கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு திறந்து வைத்திருந்த கதவு வழியாகத்தான் நான் உயிரோடு வந்தேன். உக்ரைனுக்கு மருந்தும் கூடாரமும் அனுப்பியதும் இதே அரசுதான். எனக்குத் தெரிந்து எங்கள் மாதிரி நாடுகளால் இப்படித்தான் நடந்துகொள்ள முடிகிறது. அதைச் சரியென்று ஏற்றுக்கொள்ளும்போதே அந்த அம்மாவின் கேள்வி வந்து நிற்கிறது, ஏனென்றால் பேருந்து எங்களுக்குத்தான் வந்தது, அவர் அங்கேயே இருந்தார்.

கமெண்டான்ட் இப்போதும் சூமியில்தான் இருக்கிறார். 2024 ஜூலை 8 அன்று கீவின் குழந்தைகள் மருத்துவமனை மேல் ஏவுகணை விழுந்தது. அதே நாளில் மோடி மாஸ்கோவில் புதினைக் கட்டியணைத்த படத்தை கமெண்டான்ட் எனக்கு அனுப்பியிருந்தார், ஒரு வார்த்தைகூட எழுதாமல். ஆகஸ்ட் 23 அன்று மோடி கீவ் போனபோது மறுபடி ஒரு படம், ஜெலென்ஸ்கி தோளில் கை போட்டபடி. அதற்கு மட்டும் கீழே 'சாப்பிட்டாயா?' என்று தமிழில், நாங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தை. அதற்கு உடனே பதில் போட்டுவிட்டேன். ஜூலை மாதத்துப் படத்துக்கு இன்னும் போடவில்லை.