பெட் காலியாகும் வரை

ஜனவரி 11, ஞாயிறு

இன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை எவன் வேலை மெனக்கெட்டுக் கூப்பிடுவான் என்றாள் அக்கா. சொல்லிவிட்டுப் போய் ஃபோன் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தாள்.

ஜனவரி 12, திங்கள்

5.6. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அத்தான் இந்த எண்ணைச் சொல்கிறார். பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வது மாதிரி. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் மூன்று, மூன்றரை சென்டிமீட்டரோடு நிற்க வேண்டியதாம், அவருக்கு வீங்கி 5.6. ஐந்தரையைத் தொட்டாலே ஆபரேஷன் பேச்சை எடுத்துவிடுவார்களாம். பேச்சை எடுத்தாகிவிட்டது, பெட்தான் காலியில்லை. அதுவரை பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, கோபப்படக் கூடாது. இந்த மூன்றாவதை அத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அக்கா எதைக் கேட்டாலும் "பிரஷர், பிரஷர்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார்.

குழாயில் தண்ணீர் இல்லை. லாரி மேட்டு முனையில் நின்றது, வாளி நான்தான் சுமந்தேன். அத்தான் கேட்டுக்குள்ளே நின்று யார் யார் எத்தனை வாளி பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். டர்பனில், இந்தச் சாட்ஸ்வொர்த்தில் நம் தெருவில் மட்டும்தான் இப்படியா என்று தெரியவில்லை, கேட்டால் எல்லாத் தெருக்காரரும் அதையேதான் கேட்கிறார்கள்.

அக்காவின் மகன் சின்னவனின் பார்சல் இங்கிலாந்திலிருந்து வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வந்திருக்க வேண்டியது.

ஜனவரி 13, செவ்வாய்

பார்சலில் இருந்தது டெபேஷ் மோட் என்கிற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவின் படம். ஒற்றை எழுத்து, 'எம்', அதுதான் பெயர். 2025 அக்டோபரில் தியேட்டர்களுக்கு வந்தது. பெட்டிக்குள் படம் ஒரு வட்டு, முழுக் கச்சேரி தனியாக இன்னொரு வட்டு. போட்டுப் பார்க்க வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்தால், சின்னவன் விட்டுவிட்டுப் போன பிளேஸ்டேஷன் பரணில் கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். அத்தான் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டினார். அக்கா அடுப்படியிலிருந்தே ஒரு சத்தம் போட்டாள், கை உடனே இறங்கிவிட்டது.

மெக்சிகோ சிட்டியில் ஃபோரோ சோல் என்கிற மைதானம். 2023 செப்டம்பரில் அங்கே மூன்று இரவு வாசித்திருக்கிறார்கள், அதை எடுத்தவர் ஃபெர்னாண்டோ ஃப்ரியாஸ் என்கிற அந்த ஊர்க்காரர். அதனால்தானோ என்னவோ கச்சேரியை மட்டும் காட்டிவிட்டுப் போகவில்லை, நடுநடுவே பழைய படத்துண்டுகள், மெக்சிகோக்காரர்கள் சாவை எப்படிப் பார்க்கிறார்கள், எப்படி வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள் என்பதெல்லாம் வருகிறது. முதல் மண்டையோட்டைப் பார்த்ததும் அக்கா எழுந்துவிட்டாள். பொங்கல் நாளைக் கழித்து மறுநாள், வீட்டில் எலும்புக்கூடா, அதுவும் இவர் இருக்கிற நிலைமையில். நியாயம்தான். ஆனால் புரட்டாசியில் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் இலை போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வீடுதான் இது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

எனக்குப் பிடித்ததா என்றால் பாதி. பாட்டு சூடு பிடிக்கிற இடமாகப் பார்த்து வெட்டி எங்கேயோ கொண்டுபோகிறார்கள். எலக்ட்ரானிக் இசை என்றால் பொத்தானைத் தட்டிவிட்டு நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். டிரம்ஸ் பின்னால் ஒருவர் போட்டு நொறுக்குகிறார், கிறிஸ்டியன் ஐக்னர், ஆஸ்திரியாக்காரர் என்றார் அத்தான். பாடுகிற டேவ் கஹானுக்கு அப்போது 61 வயது. இடுப்பை வளைத்துச் சுற்றுகிற சுற்றைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. 1996இல் இவருடைய இதயம் இரண்டு நிமிடம் நின்றே போய்விட்டதாம், போதை மருந்து. அத்தான் இதைச் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது, ஏதோ தானே பக்கத்தில் நின்று எழுப்பிவிட்டது மாதிரி.

படம் முடிந்தபிறகும் டிவியை அணைக்கவில்லை அவர்.

ஜனவரி 15, வியாழன்

பால் பொங்கியது. குரங்கு ஒன்று ஜன்னல் வழியாகக் கரும்பை இழுத்துக்கொண்டு ஓடியது. ஃபோன் வரவில்லை.

ஜனவரி 17, சனி

காலையில் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட். கத்தரிக்காய் வாங்கினேன், பச்சை மிளகாய் வாங்கினேன், எல்லாரும் அத்தானைப் பற்றி விசாரித்தார்கள். பாதிப் பேர் ஹார்ட் அட்டாக் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், திருத்தித் திருத்தி அலுத்துப்போய் ஆமாம் ஆமாம் என்று வந்துவிட்டேன்.

மதியம் மறுபடி அந்தப் படம். இந்த முறை அத்தான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே இடத்தை முன்னும் பின்னும் ஓட்டினார். "இங்கே பார், மேடையில் யார் இல்லை சொல்லு" என்றார். எனக்கு எப்படித் தெரியும். அப்புறம் அவரே விளக்கினார். கீபோர்டுக்குப் பின்னால், கண்ணாடி போட்ட உயரமான ஆள் ஒருவர் நிற்பாராம். ஆண்டி ஃபிளெட்சர். பேஸில்டன் என்கிற ஊரில் 1980இல் குழு ஆரம்பித்த நாளிலிருந்து இருந்தவர். 2022 மே மாதம் போய்விட்டார், வயது 60.

விஷயம் என்னவென்றால் அந்த மனிதர் மேடையில் என்ன செய்தார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். ஒரு கையால் கீபோர்டைத் தட்டுவார், கை தட்டுவார், கூட்டத்தைப் பார்த்துக் கை காட்டுவார். 1988இல் அமெரிக்காவில் ரோஸ் பவுல் மைதானத்தில் இவர்கள் வாசித்ததை ஆவணப்படக்காரர் பென்னிபேக்கர் குழுவினர் படமாக எடுத்தார்களே, '101', அதில் ஃபிளெட்சரே சொல்கிறாராம்: மார்ட்டின் பாட்டு எழுதுவான், ஆலன் நல்ல வாத்தியக்காரன், டேவ் பாடுவான், நான் சும்மா சுற்றிக்கொண்டிருப்பேன் என்கிற மாதிரி. ஒப்புக்குச் சப்பாணி. ஆனால் வரவு செலவு, ஒப்பந்தம், யாருக்கும் யாருக்கும் சண்டை வந்தால் நடுவில் நிற்பது எல்லாம் அந்த ஆள்தான். ரொம்ப வருஷம் இவர்களுக்குத் தனியாக மேனேஜரே கிடையாது.

"கோயில் பஜனையில் நான் ஜால்ரா போடுகிறேன் இல்லையா, அது மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். ஹால் சாவி இவரிடம். பாத்திரக் கணக்கு இவரிடம். கல்யாணத்துக்கு யார் முன்பணம் கொடுத்தார், யார் கொடுக்காமல் ஏய்த்தார் என்பது இவர் தலையில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் அத்தான் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

ஜனவரி 19, திங்கள்

ஃபோன் வந்தது! எக்கோ ஸ்கேன் காப்பி தொலைந்துவிட்டதாம், இன்னொன்று கொண்டுவந்து கொடுக்க வேண்டுமாம். அக்கா மிக மரியாதையாகப் பேசினாள், தேங்க்யூ சொன்னாள், வைத்துவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் பாத்ரூமைத் தேய்த்தாள். தண்ணீர் இல்லாத நேரத்தில்.

ஜனவரி 21, புதன்

தூக்கம் வரவில்லை. மணி இரண்டு இருக்கும். ஃபிளெட்சர் எதனால் இறந்தார் என்று தேடிப் பார்த்தேன், ஏன் இத்தனை நாள் தேடவில்லை என்று தெரியவில்லை. முதலில் இயற்கை மரணம் என்றுதான் அறிவித்தார்கள். ஜூன் மாதக் கடைசியில் குழுவே விவரம் சொன்னது. வீட்டில் இருந்தபோது அயோர்ட்டா கிழிந்திருக்கிறது.

அயோர்ட்டா.

அத்தானுடைய ரிப்போர்ட்டில் முதல் வரியில் இருக்கிற சொல். பெரிய குழாயின் உட்சுவரில் ஒரு கீறல் விழுமாம், ரத்தம் அந்தக் கீறல் வழியே சுவரின் அடுக்குகளுக்கு நடுவில் புகுந்து பிரித்துக்கொண்டே போகுமாம். வீங்கிய குழாய்க்கு அந்த ஆபத்து அதிகம், அதனால்தான் கிழிவதற்கு முன்னாலேயே வெட்டியெடுத்துத் துணிக்குழாய் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். பாரம் ஏன், முக்குவது ஏன், கோபம் ஏன் என்பதெல்லாம் இப்போதுதான் ஒழுங்காக மண்டையில் ஏறுகிறது.

சின்னவனுக்குத் தெரிந்துதான் அனுப்பினானா? அப்பாவுக்குப் பிடித்த பேண்ட் என்பதோடு நிறுத்திக்கொண்டானா? அத்தானுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அந்தக் குழுவில் யார் எந்த வருஷம் பல் பிடுங்கினார் என்பது வரை தெரிந்த மனிதர். தெரிந்துகொண்டேதான் அந்த ஒரு இடத்தை ரிமோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுகிறார். அக்காவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். வட்டைப் பெட்டியோடு எடுத்து என் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் டிவியில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பீரோ வரை வந்து எடுத்திருக்கிறார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

கிளேர்வுட் கோயிலில் கொடியேற்றம். இந்த வருஷம் காவடி கிடையாது என்பதை அத்தான் ஏற்றுக்கொண்டதாகத்தான் நாங்கள் நினைத்தோம். கோயில் வாசலில் வைத்து, சின்னக் காவடியாக ஒன்று, பூ மட்டும் கட்டி, எடை அதிகமில்லாமல் என்று ஆரம்பித்தார். அக்கா அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், "நீங்கள் எடுங்கள், நான் இப்படியே கடலுக்குப் போகிறேன்" என்றாள். கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவருக்குத்தான், இவளுக்குச் சொல்லவில்லை.

திரும்பும்போது காரில் யாரும் பேசவில்லை. நான் ரேடியோவைப் போட்டேன், அக்கா அணைத்தாள்.

ஜனவரி 25, ஞாயிறு

நல்ல மழை. நாள் முழுக்க அத்தான் 1994இலேயே இருந்தார்.

பிப்ரவரி மாதம், எல்லா இனத்தாரும் ஓட்டுப்போட்ட முதல் எலெக்‌ஷனுக்கு இரண்டு மாதம் முன்னால். அதுவரை வெளிநாட்டுக் குழுக்கள் தென்னாப்பிரிக்கா பக்கம் எட்டிப் பார்க்காது, நிறவெறி அரசைப் புறக்கணிக்கிறோம் என்று ஒதுங்கியிருந்தார்கள், அது நியாயமும்கூட. கதவு திறந்ததும் வந்தவர்களில் இவர்களும் உண்டு. ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன், அப்புறம் டர்பன். அத்தானுக்கு 24 வயது. கஹான் தோள் வரை முடி, உடம்பெல்லாம் பச்சை. அத்தானும் முடி வளர்த்திருந்தாராம், ஆயா அதைத் தூக்கத்தில் வெட்டப் பார்த்தாராம். பக்கத்தில் நின்றவன் ஒரு வெள்ளைக்காரப் பையன், பாட்டு முடிகிற வரை இவர் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தான். "அது வரைக்கும் எந்த வெள்ளைக்காரனும் என்னைத் தொட்டதில்லை, போலீஸைத் தவிர" என்றார், ரொம்பச் சாதாரணமாக, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே. பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது, ஸ்பூனால் அதைத் தேடினார்.

ஃபிளெட்சரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பார்த்தேன். கை தட்டிக்கொண்டிருந்தார்." அதற்குக் கொஞ்ச நாளிலேயே அவர் அந்தப் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மனசு சரியில்லை. அத்தான் அவரைக் கடைசிச் சில வாரங்களில் பார்த்த ஆட்களில் ஒருவர். எதற்கு இத்தனை கணக்கு என்று தோன்றியது, ஆனால் எனக்கும் இப்போது அந்தப் பைத்தியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

இரவு இரண்டாவது வட்டைப் போட்டோம். 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' பாட்டை ஃபிளெட்சருக்குத்தான் சமர்ப்பிக்கிறார்கள், பின்னால் பெரிய திரையில் அவர் முகம். கூட்டம் கத்துகிறது. நான் திரையைப் பார்க்கவில்லை, அத்தான் கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பக்கம் 'நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்' வரும்போது மைதானம் முழுக்கக் கையைத் தூக்கி இடதும் வலதுமாக ஆட்டுகிறார்கள், ரோஸ் பவுலிலிருந்து வருகிற வழக்கம். அத்தானும் தூக்கினார். அக்கா எப்போது வந்து கதவருகில் நின்றாள் என்று தெரியாது. "கை தூக்கலாமா? கேட்டீர்களா டாக்டரிடம்?" என்றாள். ஒரு கையை மட்டும் இறக்கினார்.

ஜனவரி 28, புதன்

ஒன்றுமில்லை. சரியான வெயில்.

ஜனவரி 30, வெள்ளி

நானே கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் லைனில் பாட்டுப் போட்டார்கள், அப்புறம் கட். வேறு யாருடைய பெட் காலியானால் நமக்குக் கிடைக்கும் என்று யோசித்தால் வேண்டுவதற்கே கூசுகிறது. முருகா, அவர் குணமாகி வீட்டுக்குப் போகட்டும், அந்தப் பெட்டை எங்களுக்குக் கொடு என்று மாற்றி வேண்டிக்கொண்டேன். அக்காவும் அப்படித்தான் வேண்டுகிறாளாம், கேட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். கடைசியில் பால்குடம் என்று சமாதானமானது. நேற்று ராத்திரி அக்கா சொம்பில் பாலை ஊற்றி, சமையல் தராசில் வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்து, கொஞ்சம் பாலைத் திருப்பிப் பாத்திரத்தில் விட்டு, மறுபடி வைத்தாள். ஒன்றரைக் கிலோ. "இதைவிட என் செருப்பு கனம்" என்றார் அத்தான்.

கிளேர்வுட்டில் கால் வைக்க இடமில்லை. செண்டுமல்லி, எலுமிச்சம்பழம், முதுகில் கொக்கி போட்டுத் தேர் இழுக்கிறவர்கள், தவில். இவர் பாலைச் சுமந்துகொண்டு நடந்தார். நான் இடப்பக்கம், அக்கா வலப்பக்கம், இடிக்க வருகிறவர்களை எல்லாம் முழங்கையால் தள்ளிக்கொண்டே. ஒரு கிழவி அக்காவைத் திட்டினாள். அக்கா சிரித்தாள், இந்த மாதத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பஜனைக் கோஷ்டியில் ஜால்ரா ஒரு பையன் போட்டான். தாளம் ஓடுகிறது. அத்தான் முகத்தைச் சுளித்தார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வந்துவிட்டது. நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு அட்மிஷன், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அந்தப் பெண் எழுத்துக்கூட்டிப் பெயரைச் சரிபார்த்தாள், அக்கா இரண்டு தரம் ஸ்பெல்லிங் சொன்னாள், கை நடுங்கியதால் எழுதியது யாருக்கும் புரியவில்லை, நான் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டேன்.

சின்னவன் டிக்கெட் போட்டுவிட்டான்.

பிப்ரவரி 4, புதன்

பை கட்டுகிறோம். லுங்கி இரண்டு, துண்டு, விபூதிப் பொட்டலம், ரிப்போர்ட் காப்பி மூன்று (தொலைப்பார்கள்). படத்தைக் கொண்டுபோக முடியுமா என்கிறார், அங்கே எதில் போடுவீர்கள் என்றேன், பாட்டையாவது ஃபோனில் ஏற்றிக் கொடு என்கிறார். ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஹெட்ஃபோன் ஒரு காதில்தான் கேட்கிறது. கோயில் சாவிக் கொத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு எது எந்தப் பூட்டு என்று சொல்ல ஆரம்பித்தார், பச்சை நூல் கட்டியது சமையல் கொட்டகை, நீளமானது ஹால், இந்தத் துருப்பிடித்தது எதற்கென்று அவருக்கே தெரியாது, ஆனால் எறியக் கூடாதாம். முன்பணம் கொடுக்காதவர்கள் பெயரையும் சொல்கிறார், எழுதிக்கொள் எழுதிக்கொள் என்று, மார்ச் மாதம் மூன்று கல்யாணம், அதில் இரண்டாவது பார்ட்டி

அக்கா கத்துகிறாள், குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம், இருக்கிற வாளியை எல்லாம் எடுத்துக்கொண்டு வா என்று