சந்தா கேட்கக் கூச்சப்பட்ட ஆண்டுகள்

ஒன்பது ஆண்டுகளாக இணையத்தில் எழுதிவரும் நான், எழுத்துக்குப் பணம் கேட்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. கேட்டால் இருக்கிற வாசகர்களும் போய்விடுவார்களோ என்ற பயத்தில்தான் ஆறு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தேன். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை, புதிதாக எழுத வருகிறவர்களுக்குக் கணக்கோடு சொல்ல விரும்புகிறேன்.

என் தளத்தில் இரண்டு வகைக் கட்டுரைகள் உண்டு. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தொலைந்துபோன தாய்ப்பத்திரம் என்று நில ஆவணங்களைப் பற்றியவை ஒரு வகை. எங்கள் பக்கத்துக் கண்மாய்களையும் மடைகளையும், அவற்றைக் காத்து வயல்களுக்கு நீர் பங்கிட்டுவந்த நீர்ப்பாய்ச்சிகளையும் பற்றி ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதுபவை மற்றொரு வகை. முதல் வகைக்குத் தேடுபொறி வழியாக நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள்; தமக்கு வேண்டிய பத்தியைப் படித்ததும் போய்விடுகிறார்கள். அவசரத்தில் வருகிறவர், எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. கண்மாய்க் கட்டுரைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. ஆனால் வருகிறவர்கள் தம் ஊர் மடையின் பெயரை எழுதி அனுப்புகிறார்கள், அடுத்தது எப்போது என்று கேட்கிறார்கள். எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்த வேறுபாடு புரியவே வெகுகாலம் ஆயிற்று.

தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழையும் சேர்த்துக்கொண்டபோது நானும் விண்ணப்பித்தேன். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் எண் அஞ்சலில் வரும். தபால்காரர் அந்தச் சிறிய உறையைக் கொடுத்த நாளில், மூன்று பக்க ஓரங்களையும் கிழித்து உள்ளே இருந்த ஆறு இலக்கங்களை அம்மாவிடம் காட்டியது நினைவிருக்கிறது. ஆனால் பணம் வங்கிக்கு வர 100 டாலர் சேர வேண்டும். எனக்கு அதற்கு 14 மாதங்கள் ஆயின. விளம்பர வருமானம் கூட்டத்தைப் பொறுத்தது; தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கும் விளம்பர விலையும் ஆங்கிலத்தைவிடக் குறைவு. ஆள் ஒருவர் தனியாக எழுதும் தளம் அதை நம்பிப் பிழைக்க முடியாது.

அடுத்து, கட்டுரைகளைத் தொகுத்துக் கிண்டிலில் மின்னூலாக வெளியிட்டேன். இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 விழுக்காடு உரிமைத்தொகை வேண்டுமானால், அமேசானில் மட்டுமே விற்பதற்கான கேடிபி செலக்ட் திட்டத்தில் நூலைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக் கூடாது, நம் தளத்தில் இலவசமாகவும் இருக்கக் கூடாது. கட்டுரைகளைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டால் புதிய வாசகர் என்னைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்பதால், சேராவிட்டால் கிடைக்கும் 35 விழுக்காடே போதும் என்று முடிவு செய்தேன். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகுதான் சந்தா. சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ என்ற இலக்கியச் சிற்றிதழைத் தொடங்கியவர்; புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரிகளுக்குப் போய் விற்றவர். அவரே கேட்டிருக்கும்போது எனக்கென்ன கூச்சம் என்று ஓர் இரவு தோன்றியது. மின்னஞ்சல் கொடுத்திருந்த 1,900 பேருக்கும் கடிதம் எழுதினேன்: கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கும், பயணச் செலவுக்கு ஆண்டுக்கு 300 ரூபாய் தர முடிந்தவர்கள் தரலாம். மறுநாள் காலை பல் துலக்கும் முன்பே கைப்பேசியைப் பார்த்தேன். பதினேழு பேர் அனுப்பியிருந்தார்கள். பரமக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 600 ரூபாய் அனுப்பி, “என் தம்பிக்கும் சேர்த்து” என்று குறிப்பு எழுதியிருந்தார். பட்டியலிலிருந்து விலகியவர்கள் நான்கு பேர்.

யுபிஐ வழியாகப் பணம் வரும்போது அனுப்பியவரின் பெயர் மட்டுமே தெரியும், மின்னஞ்சல் தெரியாது. ஆகவே பரிவர்த்தனை எண்ணையும் எழுதி அனுப்பச் சொல்லி, நீளமான பேரேடு ஒன்றில் கையால் பதிகிறேன். கொழும்பிலும் டொராண்டோவிலும் உள்ள, இந்திய வங்கிக் கணக்கு இல்லாத வாசகர்களுக்கு இந்த வழி உதவாது. அவர்கள் மின்னூலை வாங்கிக்கொள்கிறார்கள்.

இன்று சந்தாதாரர்கள் 412 பேர். ஆண்டுக்கு 1,23,600 ரூபாய்; மாதத்துக்கு 10,300. குடும்பம் நடத்த இது போதாது, வேலையை விடவும் இல்லை. ஆனால் பேருந்துக் கட்டணத்துக்கும் ஆவணக் காப்பகத்தில் நகல் எடுக்கவும் சம்பளத்தில் கைவைப்பது நின்றுவிட்டது. முன்பு ஆண்டுக்கு நான்கு கண்மாய்கள், இப்போது பதினொன்று.

இந்த மாதம் 31 பேருக்குச் சந்தா முடிகிறது. ஒவ்வொருவருக்கும், அவர் பணத்தில் எந்த ஊருக்குப் போய்வந்தேன் என்பதை எழுதித்தான் புதுப்பிக்கக் கேட்கிறேன்; நேற்றிரவு வரை பன்னிரண்டு கடிதங்கள் முடிந்திருக்கின்றன.