பெரும்பாக்கத்துல சர்வே எடுத்த அனுபவம்

பிஎச்டி ஃபீல்ட்வொர்க் ஆரம்பிக்கப் போற ஜூனியர்ஸ் அத எப்படி பண்றதுன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன். என் டாபிக், கம்மி வருமானத்துல இருக்குற குடும்பங்க மாசத்த எப்படி ஓட்டுறாங்கன்றது. இடம் சென்னைல பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்கப்புறம் ஆத்தங்கரைல இருந்த நிறைய பேர கொண்டு போய் குடி வெச்சாங்களே, அந்த எட்டு மாடி பிளாக்குங்க.

மொதல்ல எதிக்ஸ் கமிட்டி, அதாவது ஆளுங்கள வெச்சு பண்ற ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்குற குழு. டேட்டாவ எங்க வெப்பீங்க, யார் பாப்பாங்க, பதில் சொல்றவங்களுக்கு காசு குடுத்தா அது ஆசை காட்டுற மாதிரி ஆயிடாதான்னு கேள்வி மேல கேள்வி. கடுப்புதான். ஆனா கையெழுத்து போட தயங்குறவங்ககிட்ட, கமிட்டி ஒத்துக்கிட்டா சாட்சி வெச்சு வாயால சம்மதம் வாங்கிக்கலாம், ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்லயே அதுக்கு இடம் இருக்கு. அத அப்பவே கேட்டு வாங்கிடுங்க. ஏன்னா அங்க பேப்பர நீட்டுனதும் ஒரு அக்கா கேட்டது, "இதுல கையெழுத்து போட்டா வீட்டு அலாட்மெண்ட்ட கேன்சல் பண்ணிடுவாங்களாம்மா?"

அடுத்தது வருமானக் கேள்வி. மாசம் எவ்ளோ வருதுன்னு கேட்டா யாரக் கேட்டாலும் பத்தாயிரம், பன்னெண்டாயிரம்னு ஒரு ரவுண்டு நம்பர், அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நியூயார்க் யுனிவர்சிட்டி ஆளுங்க அமெரிக்காவுல 235 குடும்பத்தோட வரவு செலவ ஒரு வருஷம் கூடவே இருந்து குறிச்சாங்க, அங்கயும் வருமானம் கம்மின்றது பாதிதான், ஒரு மாசம் ஏறி ஒரு மாசம் விழுறதுதான் ஆள சாய்க்குதுன்னு வந்துச்சு. நானும் டைரி முறைக்கு மாறி, போன வாரம் யார் கைலேர்ந்து எவ்ளோ வந்துச்சு, யாருக்கு எவ்ளோ போச்சுன்னு மட்டும் கேட்டேன். அப்பதான் எல்லாம் வெளிய வந்துச்சு: குழு லோன், ஏலச்சீட்டு, அடகுல இருக்குற கம்மல், மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வந்த அன்னிக்கே அது எந்தக் கடனுக்குப் போகுதுன்னு வரைக்கும். தண்டல், அதாவது தினமும் வீட்டு வாசல்ல வந்து வசூல் பண்ற கடன், அதோட கணக்கு தெரியுமா? பத்தாயிரம்னு பேரு, கைல 8,500 தான் குடுப்பாங்க, தினம் 100 ரூபா, 100 நாள். மழைல வேலை இல்லன்னாலும் தண்டக்காரர் சாயங்காலம் வாசல்ல நிப்பாரு. வருஷ வட்டிய போட்டுப் பாருங்க, தலை சுத்தும். ஆனா ராத்திரி பத்து மணிக்கு புள்ளைக்கு ஜுரம்னா எந்த பேங்க் குடுக்கும்னு தண்டல் வாங்குன ஒரு அக்கா கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

வீட்டு வேலைக்கு சிட்டிக்குள்ள போறவங்க இருட்டுனப்புறம்தான் திரும்புவாங்க, பகல்ல போனா பூட்டுதான் இருக்கும், ஞாயித்துக்கெழம காலைல போங்க. கேள்வித்தாள்ல ஒரு கேள்விய மாத்தினாக்கூட கமிட்டிக்கு திருப்பி எழுதிப் போடணும், அனுமதி வர்ற வரை வேலை நிக்கும், அதனால டைரி ஃபார்மையும் மொத அப்ளிகேஷன்லயே சேத்து வெச்சுடுங்க.