ரோபோ வைத்துப் புரொஸ்டேட் சத்திரசிகிச்சை செய்துகொண்ட கதை

ஸ்கானும் திசுப் பரிசோதனையும் முடிந்து, புற்றுநோய் புரொஸ்டேட் சுரப்பியைத் தாண்டவில்லை என்று உறுதியானதுமே கனடாவிலிருக்கும் மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "ரோபோதான் அப்பா, வேறு பேச்சில்லை." பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போனேன்.

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. நிபுணர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி அதன் கைகளை இயக்குகிறார். அவருடைய கைநடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். சுரப்பியை ஒட்டி ஓடும் நரம்புகள் ஆண்மைக்கு வேண்டியவை. அவற்றை அறுக்காமல் உரித்தெடுக்க இந்த நிதானம் உதவுகிறது. டா வின்சி என்ற இந்த ரோபோ இயந்திரத்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2000இல். திசுவின் இறுக்கம் கைக்குத் தெரியாதது அதன் நெடுநாள் குறை. 2024இல் அனுமதி பெற்ற ஐந்தாம் தலைமுறைக் கருவிகளில் அந்த உணர்வை ஓரளவு கொண்டுவந்திருக்கிறார்கள்.

"அப்படியென்றால் பலனும் கூடுமா, டொக்டர்?" என்று கேட்டேன். ரோபோ முறையையும் வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறையையும் ஒப்பிட்டு, 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிஸ்பேன் ஆய்வை அவர் சொன்னார். ரோபோவில் இரத்த இழப்புக் குறைவு. சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும், பிறகு இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தும், பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அதில் வயிற்றைத் திறந்து செய்தவர் 1500க்கு மேல் செய்து பழுத்தவர். ரோபோ பிடித்தவர் ஏறத்தாழ 200தான் செய்திருந்தார். இளைய கையை மூத்த கைக்குச் சமமாக்கியதே இயந்திரத்தின் சாதனை என்று நான் எடுத்துக்கொண்டேன். இயந்திரம் எந்த மாதிரி என்பதைவிட, வைத்தியர் எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கேட்டால் கோபிப்பவரிடம் போகாதீர்கள்.

தலையைத் தாழ்த்திக் கிடத்திச் செய்வதால் விழித்தபோது முகம் வீங்கியிருந்தது. வயிற்றை உப்பவைத்த வாயுவால் தோள் வலித்தது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காயமோ சின்னச் சின்னத் துளைகள்தான்.

சிறுநீரை வெளியேற்ற வைத்த கதீற்றர் குழாயை எடுத்த பிறகுதான் உண்மையான பாடு. இருமினால் சிறுநீர் கசியும், கதிரையிலிருந்து எழும்பினால் கசியும். வாழ்நாளெல்லாம் வீட்டில் சாரம் கட்டியவனுக்குக் கசிவை உறிஞ்சும் பாட் எங்கே நிற்கும்? உள்ளே இறுக்கமான காற்சட்டை போட்டு, மேலே சாரம் கட்டினேன். சைக்கிளுக்குச் சில வாரம் தடை. சந்தைக்கு மனைவியே போனார். சிறுநீரை அடக்கும் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே தொடங்குவது நல்லது. எந்த ரோபோவும் நமக்காக அதைச் செய்யாது. மாதக்கணக்கில் செய்தபின் இப்போது பாட் தேவைப்படுவதில்லை. ஆண்மை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு தேற ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகலாமாம்.

சுரப்பியை எடுத்துவிட்டதால், அது இரத்தத்தில் விடும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு அநேகமாகப் பூச்சியத்தில் நிற்கவேண்டும். 0.2ஐ எட்டி, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் நோய் திரும்பியதாகக் கொள்வார்கள். அந்த இரத்தப் பரிசோதனையை யாழ்ப்பாணத்திலேயே செய்து, அறிக்கையைச் சென்னைக்கு அனுப்பிவிடுகிறேன்.