டான் கூப்பர் கேட்ட நிபந்தனைகள்

1971 நவம்பர் 24, அமெரிக்காவில் போர்ட்லேண்டிலிருந்து சியாட்டிலுக்குப் போன போயிங் 727 விமானக் கடத்தல். டான் கூப்பர் என்ற பெயரில் ஏறியவர் சியாட்டிலில் பணமும் பாராசூட்டுகளும் வாங்கிக்கொண்டு, விமானத்தை மறுபடி பறக்கவைத்து, நடுவானில் குதித்து மறைந்தார். ஆள் யார் என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து என்னை விடாமல் பிடித்திருப்பது அவர் விமானிகளுக்கு விதித்த நிபந்தனைகள்: உயரம் 10,000 அடிக்குள், சக்கரம் கீழே, ஃபிளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கை மடிப்பு) 15 டிகிரி, கேபினில் காற்றழுத்தம் வேண்டாம். அழுத்தம் இருந்தால் பறக்கும்போது கதவைத் திறப்பது ஆபத்து. வேகம் குறையாவிட்டால் குதிப்பவர் தாங்கமாட்டார். 727-க்கு வாலடியில் படிக்கட்டு உண்டு, எஞ்சின்கள் அதற்கு மேலே, குதிப்பவர் அவற்றில் சிக்கமாட்டார். விமானம் தெரிந்த மூளை அது!

ஆனால் பாராசூட்டில் கோட்டை விட்டார். கொடுத்த நான்கில் ஒன்று, தைத்து மூடிய பயிற்சிப் பாராசூட், தவறுதலாக வந்தது. அவர் குதித்த பிறகு விமானத்தில் அது இல்லை. நல்ல ரிசர்வ் (அவசரத்துக்கான மாற்றுப் பாராசூட்) ஒன்றின் கயிறுகளையோ பணப்பையைக் கட்ட அறுத்துவிட்டார். பையில் 20 டாலர் நோட்டு 10,000, சுமார் 10 கிலோ.

1980-இல் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் ஒரு சிறுவன் கையில் கிடைத்தது 5,800 டாலர். கூப்பருக்குக் கொடுத்த நோட்டுகளின் வரிசை எண்களோடு பொருந்தின. நோட்டுகள் மக்கியிருந்தும் ரப்பர் பேண்டுகள் அறுந்திருக்கவில்லை. ஆற்றில் வெகுகாலம் உருண்டு வந்த கட்டுகள் என்பதை அதனால்தான் நம்பமுடியவில்லை. மீதிப் பணத்தில் ஒரு நோட்டுகூட இதுவரை அகப்படவில்லை.