2.0-ஐ விடப் பெரியதாம் 2.0ஆர்சி1: டெபியன் பேக்கேஜில் பட்ட பாடு

ஒரு சின்ன லைப்ரரிக்கு டெபியன் லினக்ஸுக்கான பேக்கேஜ் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்ஸ்ட்ரீமில், அதாவது அந்த லைப்ரரியை எழுதுபவர்களிடமிருந்து, 2.0 வந்தது. பில்ட் சுலபமாக முடிந்து ரெபோவிலும் ஏறியது. ஆனால் யார் மெஷினிலும் அப்டேட் ஆகவில்லை. புதிய பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று, பேக்கேஜ்களை அப்டேட் செய்யும் ஆப்ட் அடம் பிடித்தது.

எனக்கு முன்னால் பார்த்தவர், 2.0-க்கு முந்தைய சோதனை வெளியீட்டை (ரிலீஸ் கேண்டிடேட், சுருக்கமாக ஆர்சி) அப்ஸ்ட்ரீம் வைத்த பெயரிலேயே 2.0ஆர்சி1 என்று ஏற்றியிருந்தார். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜியின் கணக்கில் 2.0-க்குப் பின்னால் எழுத்து ஒட்டினால் அதுதான் பெரியது. விதிவிலக்கு ~ மட்டும். அது இருந்தால் வெறும் 2.0-க்கும் கீழே போய்விடும். 2.0~ஆர்சி1 என்று போட்டிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

எபாக் போடு (பதிப்புக்கு முன்னால் வந்து மற்ற எல்லாவற்றையும் முந்தும் எண் அது), 1:2.0 என்று கொடு, முடிந்தது என்றார்கள் சிலர். முடியாது. ஒருமுறை போட்டால் இனி வரும் எல்லாப் பதிப்பும் அந்த 1-ஐச் சுமக்க வேண்டும். கோப்புப் பெயரிலும் அது தெரியாது. அதைவிட மோசம், வேறொரு பேக்கேஜ் எபாக் இல்லாமல் '2.5-க்குக் குறையக் கூடாது' என்று கேட்டிருந்தால் 1:2.0 அதிலும் தேறிவிடும்!

விதியை மறுபடி படித்தபோதுதான் வழி கிடைத்தது. எழுத்துகளைவிட + போன்ற குறிகள் பெரியவை. அதனால் 2.0+ஃபைனல் என்பது 2.0ஆர்சி1-ஐ முந்தும், புள்ளி அந்த + குறியையும் முந்துவதால், அடுத்து 2.0.1 வந்ததும் வழக்கமான எண்ணுக்கே திரும்பிவிடலாம். ஏற்றினேன், எல்லா மெஷினும் அப்டேட் ஆனது. அன்றைக்கு எனக்கு அது பெரிய வெற்றி!

ஏற்றுவதற்கு முன் டிபிகேஜியின் பதிப்பு ஒப்பிடும் கட்டளையில் சோதித்துவிடுங்கள். அது திரையில் ஒன்றும் காட்டாது. எக்ஸிட் கோடு, அதாவது கட்டளை முடியும்போது திருப்பும் எண், 0 என்றால் நீங்கள் சொன்னது சரி, 1 என்றால் தப்பு. இது தெரியாதவர்கள் கட்டளை ஓடவில்லை என்றே நினைப்பார்கள்.

அப்புறம், அப்ஸ்ட்ரீமில் புதுப் பதிப்பு வந்ததா என்று பார்க்க உதவும் வாட்ச் கோப்பில் ஆர்சி, பீட்டா எல்லாவற்றுக்கும் முன்னால் ~ சேர்க்கும் விதியை எழுதிவைத்தேன். கிட்டில் பதிப்பைக் குறிக்கும் டேக் பெயரில் ~ செல்லாது, அங்கே மட்டும் _ போடுங்கள். அடுத்து அப்ஸ்ட்ரீம் இந்தத் தடவை நடுவில் கோடு போட்டு 3.0-பீட்டா1 என்று விட்டார்கள். வாட்ச் கோப்பு அதை 3.0~பீட்டா1 ஆக்கிவிட்டது; நான் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.