வெறுங்கம்பியின் மஞ்சள்

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், மாதிரிச் செய்முறைத் தேர்வு ஒன்றில், பேரியம் குளோரைடு உப்பைப் பெற்ற மாணவி சுடர் சோதனையின் (உப்பைச் சுடரில் காட்டி, எழும் நிறத்தைக் கொண்டு அதிலுள்ள உலோகத்தை அறிவது) நேரே "மஞ்சள் நிறம்" என்று எழுதியிருந்தார். ஆப்பிள் பச்சை வந்திருக்க வேண்டும்; ஏட்டைப் பார்த்துக் குருட்டாம்போக்கில் எழுதிவிட்டார் என்று முடிவுகட்டி, மதிப்பெண்ணைக் குறைத்தேன். "மஞ்சளாத்தான் சார் எரிஞ்சுது" என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, ஏதோ உறுத்தியதால், அவர் பயன்படுத்திய நிக்ரோம் கம்பியை உப்பு எதுவும் தொடாமல் புன்சன் சுடரில் காட்டினேன். பளிச்சென்ற மஞ்சள். காலையில் கம்பிகளை வளைத்துக் கொக்கியாக்கியவன் நான்தான். மார்ச் மாத வியர்வை ஊறிய விரல்களால். வியர்வையின் உப்பில் சோடியம் உண்டு; சுடரை மஞ்சளாக்குவது அதுதான். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துத் தோய்த்துச் சுட்டு, நான்காம் முறைதான் சுடர் நிறமிழந்தது. அதன் பிறகு அதே உப்பை வைத்தபோது, சற்றுத் தாமதமாகப் பச்சை எழுந்தது.

சோடியம் அணுவின் 11 எலக்ட்ரான்களில் பத்து உள்கூடுகளில் இறுக்கமாக இருக்க, வெளிக்கூட்டில் 3s என்ற ஆற்றல் மட்டத்தில் தனித்திருக்கும் ஒன்று சுடரின் வெப்பத்திலேயே அதற்கு மேலுள்ள 3p க்கு ஏறி, இறங்கும்போது அந்த ஆற்றல் வேறுபாட்டை 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியாக விடுகிறது. இதைக் கரும்பலகையில் பலமுறை வரைந்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு சொற்ப சோடியம் போதும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வேதியியலாளர் புன்சனும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை அறையின் தொலைமூலையில் வெடிக்கச்செய்து, சில நிமிடங்களில் சுடரின் நிறமாலையில் சோடியத்தின் மஞ்சள் கோட்டைக் கண்டதாக 1860 இல் எழுதியிருந்தார்கள். அதைப் படித்திருந்தும் என் விரல்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொல்லி, மதிப்பெண்ணைத் திருத்தினேன். மஞ்சளை விழுங்கிக்கொள்ளும் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பொட்டாசியத்தின் ஊதாவைக் காட்டினேன். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பற்றியும் சொன்னேன். மெட்ராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து சூரியப் பிழம்புகளின் ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார். அது சோடியத்தின் இடத்தில்தான் இருக்கிறதா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 587.6 நானோமீட்டரில் விழுந்த அந்தக் கோடு ஹீலியத்தினுடையது. அந்தத் தனிமத்தைப் பூமியில் வேதியியலாளர் ராம்சே பிரித்தெடுக்க 1895 ஆகிவிட்டது. இரண்டு மஞ்சள்களுக்கும் இடையே ஒன்றரை நானோமீட்டர்கூட இல்லை என்றதும், கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த ஆண்டு முதல் என் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் சுடர் சோதனைக்கு மேலே ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: "வெறுங்கம்பி: நிறமில்லை." அந்த வரிக்கு நேரே கையெழுத்திடும் முன், சுடரை நானும் ஒருமுறை குனிந்து பார்ப்பேன்.